நடைபாலத்துக்கு எந்தப் பத்திரம்?

1

இந்தக் கதை என் பேன்ட் கிழிந்ததில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அரசுக் காட்டுக்குள், நடைபாதையோரம் ஒரு மரப் பெஞ்சு. உட்கார்ந்து எழுந்தேன், துருத்திக்கொண்டிருந்த திருகாணி ஒரு துண்டுத் துணியைப் பிடித்து வைத்துக்கொண்டது. பின்பக்கத்தைச் சுவரோரமாகவே வைத்துக்கொண்டு, புகார் சொல்ல வன அலுவலகத்துக்குப் போனேன்.

"தெரியும் சார்," என்றார் ஒப்பந்தப் பிரிவு அதிகாரி. "அதை முறுக்கத் தெரிஞ்சவங்களுக்கு அனுமதி இல்ல. அனுமதி இருக்கிற எங்களுக்கு முறுக்கத் தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்திருந்தால் நானும் சிரித்துவிட்டு வந்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. மீதியை நான் எழுத வேண்டியதாயிற்று.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கார்மேகங்கள் கானகத்தின் மீது கவிந்திருந்த ஒரு...'

வேண்டாம். இந்தக் கதையில் மேகத்துக்கு வேலையில்லை, மழைக்குத்தான் இருக்கிறது.

மறுபடியும். அந்த ஒப்பந்தப் பிரிவு அதிகாரியை அலுவலகத்தில் எல்லோரும் ஷரத்து அக்கா என்பார்கள். (நேரில் 'அவர்', கதைக்குள் வந்ததும் 'அவள்'. பொறுத்துக்கொள்வார்.) பெஞ்சைச் செய்துகொடுத்தது தச்சர் சங்கம். சங்கத் தலைவி வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார்தான், கணவனின் தங்கை. ஒரே பக்கத்தில் வேலை முடியுமே என்று ஷரத்து அக்கா அன்றைக்கு நன்கொடைப் பத்திரத்தை எடுத்துவிட்டாள். அதில் கொடுத்தது கொடுத்ததுதான். பிறகு துறையைத் தவிர யாரும் கைவைக்கக்கூடாது.

பெஞ்சு ஆட ஆரம்பித்ததும் நாத்தனார் திருப்புளியோடு போனாள். பாதி முறுக்குவதற்குள் வனக்காவலர் பிடித்துவிட்டார். அரசுச் சொத்தைச் சேதப்படுத்த முயன்றதாக நோட்டீஸ் போயிற்று. கீழே கையெழுத்து, அண்ணியுடையது.

தினமும் மத்தியானம் பட்டறையிலிருந்து ஓடை நடைபாலத்தைத் தாண்டி அண்ணியோடு சாப்பிட வருகிறவள், அன்றோடு வருவதை நிறுத்தினாள்.

(அடிக்குறிப்பு: இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கணவரைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவ்வளவுதான் அந்தப் பத்தி.)

3

பேச்சு போனது போதாதென்று வெள்ளத்தில் பாலமும் போயிற்று. ஓடைக்கு இந்தப் பக்கம் அலுவலகம், அந்தப் பக்கம் பட்டறையும் வீடுகளும். அடுத்த மழைக்குள் கட்டாவிட்டால் அக்கரைக்காரர்கள் காட்டையே சுற்றி வரவேண்டும். துறையிடம் விழுந்த மரங்கள் கிடந்தன, கட்ட ஆளில்லை. சங்கத்திடம் ஆள் இருந்தது, மரமில்லை. நாத்தனார் சுற்றுவழியாக வந்து, அண்ணிக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

எந்தப் பத்திரம்? ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை எழுதிப் பார்த்தேன். குத்தகை என்றால் பாலம் சங்கத்தின் கைக்குப் போகும். நாத்தனார் கதவு போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள, அண்ணி மட்டும் மழையில் நிற்கிறாள். எழுதும்போது வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் அது பழிவாங்கும் கதை. வெறும் அனுமதிச் சீட்டு என்றால் எது நடந்தாலும் சங்கத்தின் தலையில் விடியும். அதில் கையெழுத்துப் போட நாத்தனார் என்ன இளிச்சவாயா? நன்கொடை... பழைய பெஞ்சேதான்.

மிஞ்சியது கூட்டு வேலை ஒப்பந்தம். இருவரும் உழைக்கலாம், கட்டியபிறகு இருவரும் பழுது பார்க்கலாம். ஒரே ஒரு சிக்கல். தனக்கு என்ன நன்மை என்று இரு தரப்பும் சொல்லியாக வேண்டும். ஒரு தரப்புக்கு நன்மையே இல்லையென்றால் அது நன்கொடைதான் என்கிறது சட்டம்.

4

"சங்கத்துக்கு என்ன நன்மைன்னு சொல்லு."

"ஒண்ணும் வேணாம். சும்மாதான் செய்றோம்."

"சும்மான்னு எழுதினா நன்கொடை ஆயிடும். அப்புறம் ஒரு ஆணியைக்கூட நீ தொட முடியாது."

"தொட்டா நோட்டீஸ் வரும். தெரியும்."

(இந்த இடத்தில் ஷரத்து அக்காவை அழவைத்துப் பார்த்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை.)

"பெஞ்சுக்கு நான் எடுத்ததே தப்பான பத்திரம்," என்றாள் பேனாவைப் பார்த்தபடி. "இதையாவது ஒழுங்கா எடுக்கறேன். வீம்பு பிடிக்காம சொல்லு. பாலம் வந்தா உனக்கு என்ன கிடைக்கும்?"

நாத்தனார் ஜன்னலைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள்.

"பழையபடி மத்தியானம் வந்து உங்களோட சாப்பிடுவேன், அண்ணி. போதுமா? எழுதிக்கோங்க."

எந்த வாக்கியத்தையும் திருத்தாமல் விடாத ஷரத்து அக்கா, அதை அப்படியே எழுதினாள். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

5

அடுத்த வரி: துறைக்கு என்ன நன்மை? பேனா அங்கே நிற்கிறது. நானும் நிறுத்திக்கொள்கிறேன். முடிவையும் எழுதி உங்கள் கையில் கொடுத்தால் இது நன்கொடைக் கதையாகிவிடும்; ஒரு திருகாணி துருத்தினாலும் உங்களால் முறுக்க முடியாது. கூட்டு வேலையாகவே இருக்கட்டும். எனக்கு என்ன நன்மை என்று சொல்லிவிடுகிறேன்: ஒரு பேன்ட் போனாலும், இதை எழுதிய நாளெல்லாம் சந்தோஷமாக இருந்தேன். துறையின் வரியை நீங்கள் நிரப்புங்கள்.

உங்களுக்கு உதவியாக ஒன்று மட்டும் சொல்கிறேன். மேசைக்கடியில் ஷரத்து அக்காவின் சாப்பாட்டுப் பை இருக்கிறது. இன்று யார் வரப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, காலையில் அதில் இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தாள்.