கேரியர் ஊருக்கு

சின்னராஜ் சைக்கிளில் வேலைக்குப் போவதை நிறுத்திய நாலாம் நாள் காலையில் அவனுடைய சைக்கிள் தனியாக வேலைக்குப் போனது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி கோகிலவாணி, ஸ்டாண்டு தானாக மடங்கும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். சைக்கிள் அவளைச் சுற்றிக்கொண்டு, கூட்டிக் குவித்திருந்த குப்பையை மிதிக்காமல், தெருவில் இறங்கி இடதுபக்கம் திரும்பியது. ஈச்சங்கொல்லையிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகிறவர்கள் எல்லாரும் இடதுபக்கம்தான் திரும்புவார்கள், ஆகவே அது எங்கே போகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. சக்கரத்தில் சேறு காய்ந்து கிடக்கிறதே, துடைத்தாவது விட்டிருக்கலாமே என்றுதான் நினைத்தாள். அன்றைக்கு வாரச்சந்தை. சாமை விலை இறங்கிவிட்டதைப் பற்றித்தான் ஊர் சாயங்காலம் வரைக்கும் பேசியது. சைக்கிள் விஷயத்துக்கு மறுநாள்தான் நேரம் கிடைத்தது.

சின்னராஜ் ஜமுனாமரத்தூரில் மகளிர் குழுக்கள் சேர்ந்து நடத்தும் சாமை மில்லில் மெஷின் ஓட்டுகிறவன். உமி நீக்கி, கல் பொறுக்கி, சாமையை அரிசியாக்கிக் கொடுப்பது அவன் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சைக்கிளில்தான் போய் வந்தான். ஈச்சங்கொல்லையில் சைக்கிளைப் பற்றி ஒரு வழக்கம் உண்டு: ஹேண்டிலிலிருந்து சீட்டு வரைக்கும்தான் வாங்கினவனுக்கு, கேரியர் ஊருக்கு. ஊர் முடிகிற இடத்தில் ரோட்டோரமாக ஒரு புளியமரம் இருக்கிறது. வெளியே போக வேண்டியது ஆளோ மூட்டையோ அதன் கீழே வந்து நிற்கும். வெறும் கேரியரோடு போகிறவன் அங்கே நிறுத்தி ஏற்றிக்கொள்ள வேண்டும். கெஞ்ச வேண்டியதில்லை, நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை. பஸ் எப்போதாவது வருகிற, ஜீப்பில் ஆளுக்கே இடம் கிடைக்காத ஊரில் வேறு வழி கிடையாது என்று சிலர் காரணம் சொல்வார்கள். ஊரில் முதல் சைக்கிள் வாங்கினவன் கேரியரில் யாரை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறான் என்று அவன் வீட்டில் தினமும் சண்டை நடந்ததாகவும், எல்லாரையும் ஏற்று என்று அவன் பெண்டாட்டி முடித்து வைத்ததாகவும் சொல்கிறவர்களும் உண்டு. எப்படி வந்திருந்தாலும், புளியமரத்தில் நிற்காமல் போன சைக்கிள் என்று ஈச்சங்கொல்லையில் ஒன்றும் இருந்ததில்லை.

அந்த ஐப்பசியில் மில் சூப்பர்வைசர் செல்வநாதன் சின்னராஜைச் சத்தம் போட்டார். அவர் மலையடிவாரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து நேரத்துக்கு வருகிற மனிதர். "நீ வேலைக்கு வர்றியா, ஊர் ஊரா மூட்ட பொறுக்கிக்கினு வர்றியா?" என்று அரைக்க வந்திருந்த பெண்கள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். மறுநாள் காலையில் புளியமரத்தடியில் சாந்தம்மாள் சாமை மூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். கணவன் போன பிறகு தனியாகவே கொல்லையை உழுது விதைத்து அறுத்துக்கொண்டிருந்தவள். ஐம்பதைத் தாண்டியவள். சைக்கிள் கண்ணில் பட்டதும் கையைப் பாதி தூக்கினாள். அவள் ஏறினால் மூட்டையும் கனம், பேச்சும் கனம். ஆட்டுக்கு வயிறு சரியில்லாததில் தொடங்கி மில் வரைக்கும் முடிக்கமாட்டாள். சின்னராஜ் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அங்கே ஒரு பலாமரம் இருந்தது. காய்களை எண்ணுகிறவன் போல அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டான். ஐப்பசியில் பலாமரத்தில் ஒரு காய்கூட இருக்காது.

அன்றைக்குச் செல்வநாதன் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அதே நேரத்தில் சாந்தம்மாள் மூட்டையைத் தலையில் வைத்து நடந்து வந்து, சிறுபாலத்து இறக்கத்தில் மழைச்சேறு வழுக்கி விழுந்து, காலை உடைத்துக்கொண்டாள். ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐப்பசி முடிகிற சமயம் கோலூன்றிக்கொண்டு திரும்பி வந்தாள். பார்க்கப் போன கூட்டத்தில் யாரோ, "அந்த நேரத்துல சின்னராஜ் சைக்கிளு போவுமே, நிறுத்தலியா?" என்று கேட்டார்கள். சாந்தம்மாள் அவனுக்காகப் பரிந்துகொண்டு வந்தாள். "அவரு பாக்கலபா. பலாமரத்த பாத்துக்கினே பூட்டாரு. பாத்திருந்தா நிறுத்தாம போற ஆளா அவரு?" கூட்டத்தில் நின்றிருந்த சின்னராஜ் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். "ஆமாங்கக்கா, பாக்கல" என்று அவன் சொன்னான். சொன்னதோடு நிற்காமல், "பாத்திருந்தா வுட்டுட்டுப் போவனா?" என்றும் சேர்த்துக்கொண்டான். அவள் கால் உடைந்ததுகூட அவனை அவ்வளவு அரிக்கவில்லை. இந்த இரண்டாவது வாக்கியம்தான் அரித்தது. மறுநாள் காலையில் மூட்டு வலிக்கிறது என்று கோகிலவாணியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகுதான் சைக்கிள் தனியாகப் போனது. புளியமரத்தடியில் நின்றது. அங்கே காத்திருந்தவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு மூட்டையை ஏற்றிக் கட்டினார்கள். மறந்துவைத்த பையை எடுக்க ஒருத்தி வீட்டுக்கு ஓடினபோது அவள் வரும்வரை பொறுத்திருந்தது. மில் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டது, சாயங்காலம் காலி சாக்குகளோடு வீடு திரும்பியது. ஊர்ப் பையன்கள் செல்போனில் படம் பிடித்தபோது வெறும் ரோடு மட்டும்தான் பதிவானது. டவர் சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். கூட்டுரோட்டில் நின்றிருந்த போலீஸ்காரர் ஒருநாள் கைகாட்டி நிறுத்தினார். அதுவும் நின்றது. கேட்பதற்கு ஒன்றும் தோன்றாமல் போகச் சொல்லிவிட்டார். பொங்கல் வருவதற்குள் பக்கத்து ஊர்க்காரர்களும் தங்கள் பைகளைப் புளியமரத்துக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஆள் ஓட்டினபோது சைக்கிள் இவ்வளவு சரியாக வந்ததில்லை என்று பேச்சு இருந்தது.

சின்னராஜுக்குத்தான் தலை நிமிர முடியவில்லை. அவன் போன ஜீப் பெரும்பாலும் அவன் சைக்கிளுக்குப் பின்னால்தான் போக வேண்டியிருந்தது. தானாகப் போகிற வண்டியை முந்துவது மரியாதை இல்லை என்று டிரைவர் பாலமுருகன் ஹாரன்கூட அடிக்கமாட்டான். கண்ணாடிக்கு முன்னால் காலி சீட்டும் நிறைந்த கேரியருமாகத் தன் சைக்கிள் போவதை அவன் மில் வரைக்கும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கூட இருந்தவர்கள் நல்லவர்கள். அவன் முகத்தைப் பார்த்துச் சங்கடப்படுத்தக் கூடாது என்று எல்லாரும் வெளியே திரும்பிக்கொண்டு மரங்களை வேடிக்கை பார்த்தார்கள். பார்க்காதது போல் ஒரு ஆளைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, ஆகவே அவர்கள் எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்தது. மில்லில் இறங்கினால், "சைக்கிளு உனக்கு முன்னாடியே வந்துட்டுதுபா" என்பார் செல்வநாதன். கேரியரில் சாந்தம்மாளின் சாமையும் வந்திருக்கும். அதை மட்டும் இரண்டு தரம் சலித்து, கையால் கல் பார்த்து அனுப்புவான். "சின்னராஜ் கைக்கு வந்தா ஒரு கல்லு இருக்காது, அவுரு மனசு அப்படி" என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். அந்தப் பாராட்டு வீட்டுக்கு வந்து சேருகிற நாட்களில் அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் துணிந்து சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். பெடல் அசையவில்லை. இறங்கினால் சக்கரம் சுற்றியது, ஏறினால் நின்றது. ஜமுனாமரத்தூர் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டுபோய்க் காட்டினான். கடைக்காரர் செயினைக் கழற்றி, பேரிங் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு, "நீ வேணா ஒரு தபா உடம்பு காட்டிப் பாரேன்" என்றார். வீட்டில் கோகிலவாணி சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே பேசினாள். அன்றாடம் அதைத் துடைத்து அனுப்புவது இப்போது அவள் பொறுப்பாகியிருந்தது. "அதுக்கு இன்னாவோ தெரிஞ்சிருக்குது. கட்டிக்கினவளுக்குத்தான் ஒண்ணும் தெரியல. எங்கிட்ட சொல்லாங்காட்டி போவுது, யாராண்ட சொல்லணுமோ அவங்களாண்ட சொல்லிட்டு வா." அவன் மாசி முழுவதும் ஜீப்பிலேயே போனான்.

புளி உலுக்குகிற நாட்களில்தான் சாந்தம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் காலை நீட்டி உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, நின்னுக்கினே கீற? உக்காரு. மூட்டு வலி தேவலையா?"

"மூட்டு வலியெல்லாம் இல்லீங்கக்கா. அன்னிக்கு நான் பாத்தேன்."

"இன்னாத்த?"

"உங்களத்தான். மூட்டையோட நின்னுக்கினு இருந்தீங்க, கைய தூக்கினீங்க. பாத்துட்டுத்தான் திரும்பிக்கினு போனேன்."

சாந்தம்மாள் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். வரும் வழியெல்லாம் அவன் இரண்டில் ஒன்று நடக்கும் என்று எண்ணியிருந்தான். அழுவாள், அல்லது பரவாயில்லை என்பாள். இரண்டும் நடக்கவில்லை. "ஐப்பசில அந்த மரத்துல இன்னா கீதுன்னு பாத்துக்கினு போறான்னு ஆஸ்பத்திரில படுத்துக்கினு யோசிச்சேன்டா. சீச்சி, அவன் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு நானே என்ன திட்டிக்கினேன். காலு போனதுக்கு நான் அழுவல. பாக்கலன்னு நெனச்சிக்கினு நிம்மதியா படுத்தேன். இனிமே பாத்துட்டுப் போனான்னு நெனச்சிக்கினு இல்ல படுக்கணும்? உம் மனசுல இருந்தத எடுத்து எம் மனசுல போட்டுட்டியே." சின்னராஜ் தலைகுனிந்து நின்றான். மனதிலிருந்ததை இறக்கி வைக்கத்தான் வந்திருந்தான், அதை யார் மேல் இறக்குகிறோம் என்று யோசிக்காமல் வந்திருந்தான். அவனுக்கு இரண்டாம் முறையாக வெட்கமாகிவிட்டது. முன்னதைவிட இது மோசமாக இருந்தது. அவள் புளியை மறுபடி எடுத்துக்கொண்டு, "போ. போய் மரத்தாண்ட நில்லு. நின்னு பாரு எப்படி கீதுன்னு" என்றாள்.

மறுநாள் காலையில் அவன் புளியமரத்தடியில் மூட்டைகளுக்கு நடுவே நின்றான். அவன் சைக்கிள் வந்தது. அவன் கையைப் பாதி தூக்கினான். சைக்கிள் ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, பலாமரத்தைப் பார்த்தவாறே அவனைத் தாண்டிப் போய், கொஞ்ச தூரத்தில் நின்று, மற்றவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்வரை காத்திருந்தது. அவன் நடந்தே மில்லுக்குப் போனான். தாமதம் என்று செல்வநாதனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதற்கு மறுநாளும் அப்படியே. ஜீப் வந்தால் பாலமுருகன் நிறுத்துவான், அவன் ஏறமாட்டான். ஏன் நிற்கிறான் என்று கேட்டவர்களிடம் ஒளிக்காமல் சொன்னான். சொல்லச் சொல்ல ஊருக்குத் தெரிந்தது, பிறகு சந்தைக்கும் தெரிந்தது. கோகிலவாணி அதைத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கேள்விப்பட்டு, குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். சில நாள் அவனோடு பேசவில்லை. ஆனாலும் சைக்கிளைத் துடைப்பதை நிறுத்தவில்லை. பங்குனி போனது, சித்திரை போனது. எதிரே பலாமரம் அடியிலிருந்து கிளை வரைக்கும் காய்த்துத் தொங்கியது. கையைத் தூக்கி, யாரும் நிறுத்தாமல், அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல இறக்குவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று அவன் தெரிந்துகொண்டான்.

விதைப்பு மழை விழுந்த வாரம் சாந்தம்மாள் கோலூன்றிக்கொண்டு தானே மரத்தடிக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் மூட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவள் சின்னராஜோடு பேசவில்லை. சைக்கிள் வந்தது. அவளைக் கண்டதும் நின்று, ஸ்டாண்டு போட்டுக்கொண்டது. அவன் மூட்டையைத் தூக்கிக் கேரியரில் வைத்தான். கட்டுவதற்குக் கயிறு இல்லை. அவள் மூட்டையைப் பார்த்தாள், ரோட்டில் கிடந்த சேற்றைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள். "ஏறு. மடில வச்சிப் புடிச்சிக்க. சிறுபாலத்தாண்ட வழுக்கும்." அவன் சீட்டை நோக்கிப் போகவில்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தான். சைக்கிள் சற்று நேரம் அசையவில்லை. பிறகு ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு, காலி சீட்டோடு, அவனைச் சுமந்துகொண்டு கிளம்பியது. சிறுபாலத்து இறக்கத்தில் அது தானாக நின்றது. அவன் இறங்கி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, கால் பார்த்துப் பார்த்து நடந்து கடந்தான்.

சாந்தம்மாள் மன்னித்தாளா என்று கேட்டால் ஈச்சங்கொல்லையில் ஒருவரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள். ஆட்டின் வயிற்றைப் பற்றி அவனிடம் மறுபடி பேசுகிறாள் என்பது மட்டும் உண்மை. சின்னராஜ் இப்போது சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறான், கேரியரில் உட்கார்ந்து. சீட்டில் இதுவரை யாரும் ஏறவில்லை, அவனும் கேட்டுப் பார்க்கவில்லை. சிறுபாலம் தாண்டி மேடு வந்தால் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளுகிறான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் நின்று பார்க்கிறார்கள். காலையில் புளியமரத்தடியில் யாராவது நிற்பது தெரிந்துவிட்டால், சைக்கிள் நிற்பதற்கு முன்னாலேயே அவன் கேரியரிலிருந்து குதித்து இடம் விட்டுவிடுகிறான். அந்த நாட்களில் நடந்துதான் மில்லுக்குப் போய்ச் சேருகிறான். ஏன் தாமதம் என்று செல்வநாதன் இப்போது கேட்பதில்லை.