சும்மா இருக்கிற ஒன்று

கண்ணாடிக்காரரின் மனைவிக்கு ரோமம் ஆகாது. இறகும் ஆகாது. பூனை நாலு நாள் இருந்தது. கிளி மூன்று நாள். ஒவ்வொரு முறையும் தும்மித் தும்மிக் கண் சிவந்துவிடும். பிராணி யார் வீட்டுக்காவது போய்ச் சேரும். அவள் தையல் மெஷினுக்குத் திரும்புவாள். பகல் முழுவதும் பள்ளிச் சீருடை தைப்பவள். மகள் வேலைக்காக வேறு ஊர் போனபின் வீட்டில் மெஷின் சத்தம் மட்டும்தான்.

"உசுரோட ஒண்ணு பக்கத்துல இருந்தா போதுங்க. ரோமமில்லாததா பாப்போம். பல்லி மாதிரி. இதுவும் ஒத்துக்கலேன்னா விட்டுடறேன். இனி கேக்க மாட்டேன்."

அவள் எதையும் இரண்டு முறை கேட்பவள் அல்ல. இதை நாலாவது முறையாகக் கேட்கிறாள். கண்ணாடிக்காரர் தலையாட்டிவிட்டார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் அவளிடம் மறைத்தது ஒன்றுதான். கண்ணாடிப் பட்டறைச் சுவரில் பல்லி தெரிந்தால் அவருக்கு வெளியே ஏதாவது அவசர வேலை வந்துவிடும். கையைக் கிழிக்கிற கண்ணாடியை வெறுங்கையால் தூக்குகிறவர். பல்லி என்றால் மட்டும் வாசலைத் தேடுவார்.

பிராணிக் கடையில் தொட்டிக்கு அளவு எழுதி வாங்கி வந்தாள். 90, 45, 45 சென்டிமீட்டர். தொட்டி என் பொறுப்பு என்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு மாலை ஆயிற்று. விளிம்பெல்லாம் தேய்த்து, மேலே கம்பி வலை அடித்து, முன்னால் இரண்டு கதவு வைத்தார். விரலால் தொட்டால் நகரும்.

கொண்டுவந்து வைத்ததும் அவள் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"என்னங்க இது, நிக்குது?"

"தொட்டி நிக்காம?"

"படுக்கணுங்க. தொண்ணூறு நீளம்."

"பட்டறையில உயரத்தைத்தான் முதல்ல எழுதுவோம்."

"பல்லிக்கு ஜன்னல் செஞ்சிருக்கீங்க."

படுக்க வைத்துப் பார்த்தார்கள். கூரை வலை பக்கச் சுவராயிற்று. கதவு இரண்டும் சரசரவென்று கீழே இறங்கின. காலில் விழுமுன் அவர் பிடித்தார். மறுபடி நிமிர்த்தினார்கள்.

அவள் தம்பி வந்தான். சிரிக்காமல் கேட்டான்.

"மாமா, இதுல லிப்ட் எந்தப் பக்கம்?"

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார்கள். ஈரத் தேங்காய்நார் வாசனை. சுவர் நெடுகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. கண்ணாடிக்காரர் கதவுக்கு அருகிலேயே நின்றார். காற்று வேண்டும் என்றார்.

"என்ன வேணும்ணே?" என்றாள் கடைக்காரி.

"முதல் தடவை. சுலபமா ஒண்ணு. அதாவது சும்மா இருக்கணும்."

"சும்மான்னா?"

"ஓடக்கூடாது. தாவக்கூடாது. நம்மளைப் பாக்கக்கூடாது."

"அதுக்குப் பொம்மை வாங்கணும்ணே."

மனைவி நேராகச் சிறுத்தைப் பல்லி இருந்த தொட்டிக்குப் போனாள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி. வாய் சிரிப்பது போலவே இருந்தது. மாதக்கணக்கில் அவள் மனதில் வைத்திருந்தது இதைத்தான்.

"நல்ல தேர்வுக்கா. அலட்டிக்காது. உங்க தொட்டி நான் எழுதிக் குடுத்த அளவுதானே?"

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"அந்த அளவுதான். ஆனா நிக்குது," என்றாள்.

கடைக்காரிக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு சிரித்து முடிக்க இன்னொரு நிமிடம். "இது தரையில நடக்குற ஜாதிக்கா. ஏறாது. நிக்கிற தொட்டியில விட்டா பாவம், அடியிலயே உக்காந்திருக்கும்."

மனைவி தொட்டியின் கண்ணாடியில் வைத்திருந்த விரலை எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரருக்கு அது சுருக்கென்றது. கதவை விட்டுவிட்டு நாலடி உள்ளே வந்தார்.

"ஏறுறது எது இருக்கு?"

பச்சோந்தியைக் காட்டினாள் கடைக்காரி. "இது வேண்டாம்ணே. கோவிச்சுக்கிட்டே செத்துப்போகும்." பாம்பைக் காட்டினாள். உறைய வைத்த எலியை உங்கள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்றாள். மனைவி அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள். ஆமை உங்களுக்குப் பிறகும் இருக்கும், யாருக்கு எழுதி வைப்பீர்கள் என்று கேட்டாள் கடைக்காரி.

கடைசியில் ஓர் இலையை விலக்கினாள். பழுப்பு நிறத்தில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு மேலே முள் வைத்த மாதிரி புருவம்.

"கொண்டைப் பல்லி. உயரம்தான் இதுக்குச் சொத்து. ரொம்ப வெயில் வேண்டாம், வீட்டுச் சூடே போதும். பழ மாவைத் தண்ணியில கரைச்சு வச்சா நக்கிக்கும். காலையும் சாயங்காலமும் தண்ணி தெளிக்கணும். பகல்ல தூங்கும்."

"சும்மா இருக்குமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருக்கும்ணே," என்று அதைக் கையில் எடுத்தாள்.

அது தாவியது. நேராக அவர் சட்டைப் பையில். அங்கிருந்து காலருக்கு. அங்கிருந்து கழுத்துக்கு.

அவர் அசையவில்லை. ஆளுயரக் கண்ணாடியை மாடிப்படியில் தூக்கி ஏறும்போது மூச்சை எப்படிப் பிடிக்க வேண்டுமோ அப்படிப் பிடித்தார். கண் மட்டும் மனைவியைத் தேடியது. குளிர்ந்த சின்ன விரல்கள் காதுக்குக் கீழே ஒட்டி ஒட்டி ஏறின.

"இவ்வளவு சும்மா நிக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல. அதுக்கும் பிடிச்சுப் போச்சு," என்றாள் கடைக்காரி.

மனைவி அருகில் வந்து பல்லியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். அவர் காதில் மட்டும் சொன்னாள்.

"பட்டறைக்கு நான் சாப்பாடு எடுத்துட்டு வர்றப்ப ஒருநா நீங்க ஓடி வந்ததைப் பாத்தேன். அவசர வேலைன்னீங்க. பத்து வருஷம் இருக்கும்."

"அவசரம்தான்," என்றார் அவர். கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பல்லி வீட்டுக்கு வந்தது. முதல் நாள் தும்மல் இல்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் இல்லை. நாலாம் நாள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஐந்தாம் நாள் காலை, தையல் அறையிலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

அவர் கையில் சீப்போடு நின்றார். இரண்டாவது வரட்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. மெஷின் மறுபடி ஓடியது.

"பஞ்சுத் தூசிங்க!" என்றாள் உள்ளிருந்து. சிரிப்பது தெரிந்தது.

அவர் உள்ளே போனார். மெஷினுக்குப் பக்கத்துத் தொட்டியில் பல்லி இலைக்குள் சுருண்டு தூங்கியது. தொட்டியின் உட்பக்கக் கண்ணாடி முழுக்க ராத்திரி ஏறியிறங்கிய தடம். புள்ளி புள்ளியாக, நாலு கால், ஐந்து ஐந்து விரல். வீட்டில் ஒரு கண்ணாடி இப்படி இருப்பதை அவர் எப்படிப் பொறுப்பார்?

துணியை நனைத்துப் பிழிந்தார். கதவை விரலால் நகர்த்தினார். தோள்வரை கையை உள்ளே விட்டுத் துடைக்க ஆரம்பித்தார்.

"பாத்துங்க, முழிச்சுக்கும்," என்றாள்.

"சும்மா இரு," என்றார், இலையைப் பார்த்து.