கையெழுத்துக்கு ஆறு மாத ஆயுள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பதில் கடிதத்திலிருந்து கிடைத்தது. அனுப்பியது தொலைவில் உள்ள ஒரு பெரிய நாடு. பெற்றது என் நாடு. காரில் போகிறவர் ஓர் எல்லையில் தும்மத் தொடங்கினால் மறு எல்லையில்தான் முடிப்பார், அவ்வளவு நீளம். பெயர் சொல்ல மாட்டேன். சின்ன நாடுகளுக்கு ரோஷம் அதிகம்.

எப்படித் தொடங்குவது?

"நூற்று நாற்பது நாடுகளின் நட்பைப் பெற்ற அந்தத் தொன்மையான குடியரசின் வெளியுறவு அலுவலகத்தில், வசந்தத்தின் ஒரு பொன்னிறக் காலையில்..."

வேண்டாம். அந்த அலுவலகத்தில் ஆறு அறைகள். ஜன்னல்கள் எல்லாம் கார் நிறுத்துமிடத்தைப் பார்க்கின்றன. பொன்னிறமாக எதுவும் உள்ளே வந்ததில்லை.

"ஒம்ப்ரெத்தாவின் தம்பியைப் பிடித்து வைத்துவிட்டார்கள்."

இது போதும். இந்த ஒரு வரிக்கு எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2

ஒம்ப்ரெத்தா அந்த அலுவலகத்தில் கடிதப் பதிவாளர். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் முத்திரை குத்துகிறவள். வயது ஐம்பத்தொன்று. தம்பி நெவியோ லாரி ஓட்டுகிறவன். குளியலறை ஓடுகளை ஏற்றிக்கொண்டு போனவனை அந்தப் பெரிய நாட்டின் எல்லையில் நிறுத்தினார்கள். பாஸ்போர்ட்டில் இருந்த நாட்டின் பெயரை அங்கிருந்த அதிகாரி கேள்விப்பட்டதே இல்லை. இல்லாத நாட்டுக்குப் பாஸ்போர்ட் என்றால் அது போலிதானே?

மூன்றாம் நாள், மார்ச் 18, திங்கள்கிழமை, அவனைப் போனில் பேசவிட்டார்கள்.

"அக்கா, மேப்ல நம்ம நாட்டக் காட்டினேன். அந்தாளு அழுக்குன்னு நெனச்சு நகத்தால சொரண்டுறான்."

"சிரிக்காதடா. இன்ஹேலர்ல மருந்து இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு. ராத்திரிதான் இழுக்குது. உங்க ஆபீஸ்ல சொல்லி சீக்கிரம் ஏதாவது பண்ணு. நீ அங்கதான முப்பது வருஷமா முத்திர குத்துற?"

(எங்களுக்கு அந்த நாட்டில் ஒரு கௌரவத் தூதர் உண்டு. குளிர்பதனப் பெட்டி வியாபாரி. பதவி கிடைத்ததும் காரில் கொடி மாட்டிக்கொண்டார். அந்த வாரம் பனிச்சறுக்குக்குப் போயிருந்தார். கொடியும் கூடவே போயிருந்தது.)

3

செயலர் குவால்த்தியெரோ செய்தி கேட்டு எழுந்து நின்றார். கோபம்தான், ஆனால் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"நம்ம நாடே இல்லேங்கிறானா? ஒம்ப்ரெத்தா, இது உன் தம்பி பிரச்சினை இல்லம்மா. இறையாண்மைப் பிரச்சினை!"

"தம்பி பிரச்சினையாவே இருக்கட்டும் ஐயா. அவனுக்கு மூச்சுத் திணறல்."

"நாட்டுத் தலைவர்களே எழுதுவாங்க. ரெண்டு பேரும்!"

எங்களுக்கு எப்போதும் இரண்டு தலைவர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி. ஏப்ரல் ஒன்றாம் தேதியும் அக்டோபர் ஒன்றாம் தேதியும் மாறும். யாரும் பெரிய ஆளாகிவிடக் கூடாது என்று முன்னோர் செய்த ஏற்பாடு. அதில் வெற்றி பெற்றிருக்கிறோம், யாரும் ஆகவில்லை.

கடிதத்தை வரைகிறவர் எவாரிஸ்தோ. இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். முதலில் இவரைச் சோம்பேறியாக எழுதினேன். பொய். சோம்பேறியாக இருந்திருந்தால் அன்று மதியமே இரண்டு வரி எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். இவர் உழைப்பாளி. "தொன்மையும் மேன்மையும்" என்பதா, "மேன்மையும் தொன்மையும்" என்பதா என்று செவ்வாயும் புதனும் யோசித்தார்.

"என்னய்யா, கடுதாசி ரெடியா?"

"மொத வரி அமையல ஒம்ப்ரெத்தா."

"ரெண்டாவது வரிலேருந்து ஆரம்பியேன்."

"ஒரு தேசத்தோட குரல் இது. சும்மா விளையாட்டா?"

"எந்தக் குரலா இருந்தா என்ன? வியாழக்கிழமை மதியம் பை போயிடும்."

எங்களுக்கெனத் தூதரகப் பை கிடையாது. பக்கத்து நாட்டுக்காரர்கள் வாரம் ஒருமுறை தங்கள் பையில் எங்களுக்கும் கொஞ்சம் இடம் தருகிறார்கள். போய்ச் சேர ஒன்பது நாள்.

வியாழன் மதியம் முதல் வரி அமைந்தது. பை காலையிலேயே கட்டியாயிற்று.

4

அடுத்த வியாழன், மார்ச் 28, கடிதம் புறப்பட்டது. ஒம்ப்ரெத்தாவே முத்திரை குத்தினாள். ஏப்ரல் 6 அன்று போய்ச் சேர்ந்தது.

நடுவில் ஏப்ரல் ஒன்று வந்ததை நாங்கள் கவனிக்காமலா இருந்தோம்? பட்டாளம், பேண்டு வாத்தியம், பதக்கத்தோடு வந்த கௌரவத் தூதர்கள் என்று சதுக்கமே நிறைந்திருந்தது. ஆனால் ஜோடி மாறினால் பழைய ஜோடியின் கையெழுத்தும் செத்துவிடும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் என்பது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்தோம். உலகத்துக்கு எங்களையே தெரியாது.

பதில் மே மாதம் வந்தது. சாரம் இது: உங்கள் அரசின் இணையப் பக்கத்தைப் பார்த்தோம். தலைவர்கள் பெயர் வேறாக இருக்கிறது. எனவே இந்தக் கடிதமும் போலி. கைதி மீது இரண்டாவது வழக்குப் பதிவு செய்யப்பட்டது.

ஒம்ப்ரெத்தா அதற்கும் 'வரவு' முத்திரை குத்தினாள். கைப்பழக்கம். பிறகு முத்திரையை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு வெளியே போய், கார் நிறுத்துமிடத்தில் நின்றாள்.

5

இனி முடிவு. சில வைத்திருக்கிறேன்.

அ) நெவியோ திரும்பி வருகிறான். பேண்டு வாத்தியம். செயலருக்குப் பதக்கம்...

ஆ) பெரிய நாடு ஐ.நா. சபையில் எங்கள் ஒற்றை ஓட்டைக் கேட்கிறது. நாங்கள் எப்போதும் போல் நடுநிலை...

இ) இல்லை. இதை எழுத மாட்டேன். அவனுக்கு மூச்சுத் திணறல் என்று ஏற்கனவே சொல்லியிருக்கிறேன்.

நடந்தது வேறு. தவறு நடந்துவிட்டது என்று புதிய ஜோடி எழுதினால் போதும். ஆனால் "இறையாண்மையுள்ள நாடு தப்புன்னு எழுதாது" என்றார் செயலர். தவறு என்று சொல்லாமல் தவறைச் சொல்லும் சொல்லுக்காகக் கோடை முழுக்கக் கோப்பு அறை அறையாக நடந்தது. இன்று செப்டம்பர் 18, புதன். நாளைய பை 28ஆம் தேதி போய்ச் சேரும். அதற்கடுத்த பை அக்டோபர் 5. அதற்குள் இந்த ஜோடியும் போய்விடும்.

எவாரிஸ்தோ என்று ஒருவர் இல்லை, வாசகரே. அந்த மேசை என்னுடையது. கடிதத்தின் முதல் வரியை எழுத வேண்டிய நேரத்தில்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒம்ப்ரெத்தா உள்ளே வந்தாள். ஒரு தாளை மேசையில் வைத்தாள்.

"நானே எழுதிட்டேன். தலைவருங்ககிட்டயும் பேசிட்டேன், கையெழுத்துப் போடுறாங்களாம். நீ பாத்துட்டேன்னு ஓரத்துல கிறுக்கினாப் போதும்."

'முந்தைய கடிதத்தில் கையெழுத்திட்டவர்கள் அன்று தலைவர்கள். இன்று நாங்கள். தவறு எங்களுடையது. அவன் எங்கள் ஆள். விட்டுவிடுங்கள்.'

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"இதுக்கு மேல ஒரு வார்த்த சேத்தே, உன்ன மனுஷனாவே நெனைக்க மாட்டேன்" என்றாள். வாசலிலேயே நிற்கிறாள்.

நல்ல கடிதம். இத்தனை வருடத்தில் இந்த அலுவலகம் எழுதியதிலேயே நல்ல கடிதம். ஓரத்தில் கிறுக்க வேண்டியதுதான். பேனாவைத் திறந்துவிட்டேன்.

ஆனால் பாருங்கள், முதல் வரிக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறாள்.