ஊசியைத் தூக்காதீங்க

துக்கம் கேட்க வந்தவர்களில் நான்கு பேர் நேராகப் பின்னறைக்குப் போனார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்ததோடு சரி. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பெட்டி மூடிகள் திறக்கும் சத்தமும், "அடடா, ஊசிக் கை அப்படியே இருக்குப்பா!" என்ற குரலும் கேட்டன. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். எதற்காக அழுதார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

நால்வரும் பழைய ரெக்கார்டு பிளேயர் சேர்ப்பவர்கள். அதிலும் சின்னத் தட்டு பாடும் பிளேயர்தான் வேண்டும் அவர்களுக்கு. பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு இருக்குமே, நடுவில் பெரிய ஓட்டையோடு, அந்தத் தட்டு. இறந்துபோன அவள் கணவரும் அந்தக் கூட்டம்தான். வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் பின்னறைக்குள் நுழைந்துவிடுவார். ஒட்டடை பிடித்த பிளேயரைப் பிரிப்பார், துடைப்பார், எண்ணெய் விடுவார், மறுபடி பூட்டுவார். கடைசியில் சோதனைத் தட்டைப் போடுவார்.

அந்தச் சோதனைத் தட்டுதான் அவளுடைய வயிற்றெரிச்சல். ஏனென்றால் அது அவளுடையது. கல்யாணமான புதிதில் ஒரு கடையில் ஒலித்த பாட்டில் மயங்கி, அவளே வாங்கி வந்தது. பேர் தெரியாத பாடகி. அந்த ஒரு பாட்டைப் பாடிவிட்டு எங்கேயோ போய்விட்டவள். வேறு எங்கும் அது கிடைக்காது. வீட்டுக்கு வந்த அன்றே அவர் அதைச் சுழலவிட்டார். வயலின் முடிந்து குரல் முதல் வரியைத் தொட்டதும், "வேகம் கொஞ்சம் கூட" என்று ஊசியைத் தூக்கினார். தூக்கினவர் தூக்கினவர்தான். எந்தப் பிளேயராக இருந்தாலும் அதே வயலின், அதே முதல் வரி, உடனே ஊசி மேலே.

"ஒரு தடவையாவது முழுசாக் கேக்க விடுங்களேன்."

"இரு, இதைச் சரி பண்ணிட்டு ஆற அமரக் கேக்கலாம்."

கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். பிறகு கேட்பதை விட்டுவிட்டு அவரை இளக்காரமாகப் பார்க்கப் பழகிக்கொண்டாள். அதில் அவளுக்கு நல்ல தேர்ச்சி.

இப்போது அந்த அறையைக் காலி செய்தாக வேண்டும். ஆனால் அந்தப் பாட்டைக் கடைசி வரை கேட்காமல் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். சிக்கல் என்னவென்றால், அறை நிறைய இருந்த பிளேயர்களில் பாடுவது ஒன்றுகூட இல்லை. ஊசி இருப்பதற்கு மோட்டார் இல்லை, மோட்டார் இருப்பதற்கு பெல்ட் இல்லை. எல்லாமே வேகம் சரியில்லை என்று மறுபடி பிரித்துப்போட்டு, அவர் நாளைக்கு முடிக்க இருந்தவை.

"வாழ்நாள் பூரா ரிப்பேர் பண்ணியும் பாடுறது ஒண்ணுகூட இல்லையா? நல்லா இருக்கு அத்தானோட கூத்து!" என்றாள், துணைக்கு வந்து தங்கியிருந்த தங்கை.

வேறு வழியில்லாமல் அந்த நால்வரில் ஒருவருக்குப் போன் செய்தாள். 'ஒரிஜினல்' என்று அவள் பேர் வைத்திருந்த ஆள். எதைப் பார்த்தாலும் "ஒரிஜினலா?" என்பார். காப்பி கொடுத்தால், கோப்பையைக் கவிழ்த்து அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கக்கூடியவர்.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தார். வந்ததும் பையிலிருந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்து மாட்டினார்.

"ஆபரேஷனா அண்ணா?" என்றாள் தங்கை.

"கைரேகை படக் கூடாதும்மா."

"எங்க அத்தான் கிழிஞ்ச பனியன்லதான் துடைப்பாரு."

ஒரிஜினல் முகத்தைச் சுளித்தார். "அதான் பாருங்களேன், திருகெல்லாம் கண்டதைப் போட்டு முறுக்கி வச்சிருக்காரு. நல்ல மனுஷன்தான், ஆனா..."

"ஆனா?" என்றாள் அவள்.

"இல்லை அண்ணி. நல்ல மனுஷன்."

"எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணையாவது பாட வச்சு, இந்தத் தட்டை முழுசா ஓட்டணும். நடுவுல ஊசியைத் தூக்காதீங்க."

"இவ்வளவுதானா!" என்றார், லாட்டரி விழுந்த முகத்தோடு.

ஒன்றின் பெல்ட்டை இன்னொன்றுக்கு மாட்டி, மூன்றாவதன் ஊசியைப் பிடுங்கி ஒட்டவைத்தார். பிறகு தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஐயையோ, செத்த தட்டு அண்ணி இது." ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தட்டு சாம்பல் பூத்திருந்தது. "இங்கேயே வச்சு வச்சுத் தேச்சிருக்காரு. உள்ள..." அவர் குரல் மாறியது. "உள்ள ஊசியே படலை. பளபளன்னு இருக்கு!"

அவளுக்கு அது புதுச் செய்தியா என்ன?

தட்டு சுழன்றது. எண்ணெய்ச் சட்டியில் எதையோ போட்டதுபோல் ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து, அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதுபோல் வயலின். குரல் வந்தது. முதல் வரி. ஒரிஜினலின் கை தானாக நீண்டு ஊசியைத் தூக்கியது.

"வேகம் கொஞ்சம்... மன்னிச்சுக்கங்க அண்ணி, பழக்கதோஷம்."

மறுபடி வைத்தார். மறுபடி கை நீண்டது. இந்த முறை அவள் அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கயிறு கொண்டு வரட்டுமாக்கா?" என்றாள் தங்கை.

வெள்ளை உறைக்குள் விரல்கள் துடித்தன. அவள் விடவில்லை. திடீரென்று குழாயை மூடியதுபோல் இரைச்சல் நின்றது. பாடகி அறைக்கு நடுவிலேயே வந்து நின்று பாடினாள். நிலா வந்தது. குளம் வந்தது. குளத்துக்குள் நிலா வந்தது. எழுதியவருக்கு அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது, இரண்டாவது சரணத்திலும் நிலாவே வந்தது. மெட்டும் கால் வலிக்காரன் மாடிப்படி ஏறுவதுபோல் நின்று நின்று போனது.

"இதுக்கா இத்தனை வருஷமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே?" என்றாள் தங்கை.

அவள் வீம்புக்காகக் கடைசி வரை கேட்டாள். அன்று கடையில் மயங்கியது எதற்கு? அந்த வயலினுக்கும் முதல் வரிக்கும்தான். பாட்டில் நன்றாக இருந்தது அது மட்டும்தான். அதைத்தான் அவர் தேய்த்து வைத்திருந்தார். தெரிந்து செய்திருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. அந்த அளவுக்கு ரசனை உள்ள மனிதரில்லை. பாட்டு மட்டம் என்று அவரிடம் சொல்லியிருந்தால், "வேகம் சரியா இருந்துதா?" என்றுதான் கேட்டிருப்பார். சொல்லலாம் என்றால் இப்போது ஆளும் இல்லை. எதிரில் கையுறை போட்ட ஒரு மடையர்தான் நின்றுகொண்டிருந்தார்.

மணிக்கட்டை விட்டாள். தானே ஊசியை எடுத்து ஓரத்தில் வைத்தாள். இரைச்சல், தூரத்து வயலின், முதல் வரி. நிலா வருவதற்குள் தூக்கினாள். மறுபடி ஓரத்தில் வைத்தாள்.

"வேகம் சரியாத்தானே இருக்கு அண்ணி?" என்றார் ஒரிஜினல், கவலையோடு.

"வேகத்தை யாருய்யா கேட்டா? இது ஒண்ணை விட்டுட்டு மத்ததையெல்லாம் தூக்குங்க."