சைலன்சருக்குப் பஞ்சு

அச்சகக்காரர் மூன்று வாரமாக வீட்டில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பைக் சைலன்சருக்குப் பஞ்சு மாற்றலாமா, வேண்டாமா? தட்டில் கை வைத்தால் பஞ்சு. தலையணையில் தலை வைத்தால் பஞ்சு. பல் தேய்க்கும்போது கேட்டது மட்டும் யாருக்கும் புரியவில்லை. அதுவும் பஞ்சாகத்தான் இருக்க வேண்டும்.

"சைலன்சருக்குள்ள ஓட்டை ஓட்டையா ஒரு குழாய் இருக்கும். அதைச் சுத்தி கண்ணாடிப் பஞ்சு. அது எரிஞ்சு போச்சு. அதான் வண்டி இப்படிக் கத்துது. புதுசு வெச்சா சத்தம் அடிவயித்துலேருந்து வரும். என்ன சொல்ற?"

"இப்பவே கம்பீரமாத்தாங்க இருக்கு" என்றாள் அவர் மனைவி.

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்தப் பஞ்சுப் பேச்சு வரும்வரைக்கும் அந்தச் சத்தத்தைத் தகர டப்பாவில் ஆணி போட்டு உலுக்கினதுபோல என்று திட்டியவள் அவள்தான். எதிர்வீட்டுக்காரி சண்டைக்கு வந்தபோது, "என்னக்கா பண்றது, கட்டிக்கிட்டேனே" என்று சமாதானம் சொன்னவளும் அவள்தான்.

இப்போது அந்தச் சத்தம் போய்விடக் கூடாது. காரணம், பொட்டு.

பொட்டு ஒரு பூனை. உடம்பெல்லாம் வெள்ளை, நெற்றியில் மட்டும் கறுப்பாய் ஒரு புள்ளி. முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு பூனை அச்சகக்காரர் பைக்கின் புது சீட்டு உறையைக் கிழித்துவிட, "இந்த வீட்டுல பூனை இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று அவர் சட்டம் போட்டிருந்தார். யார் இருக்க வேண்டும் என்று அவர் வாக்கெடுப்பு நடத்தவில்லை. அது அவர் அதிர்ஷ்டம்.

தையற்காரியான அவள் வீட்டிலேயே மிஷின் போட்டிருந்தாள். மகள் காலையில் கல்லூரிக்குக் கிளம்பியபின் அவளுக்குப் பேச்சுத்துணை பொட்டுதான். பகல் முழுக்க அது அச்சகக்காரரின் நாற்காலியில் தூங்கும். மாலையில் தெருமுனையில் வண்டி கத்தினதும் பூனையைப் பின்கட்டு வழியாக அனுப்பி, கிண்ணத்தை ஒளித்து, நாற்காலியை ஈரத்துணியால் துடைத்து முடிக்க நேரம் கச்சிதமாக இருக்கும்.

"நாற்காலி ஏன் எப்பவும் சூடா இருக்கு?" என்பார் அவர்.

"வெயில் அந்தப் பக்கந்தானே அடிக்குது." மழைக்காலத்திலும் இதே பதில்தான்.

"சட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையா ஒட்டுதே?"

"தையற்காரி வீட்டுல நூல் பறக்காம பணமா பறக்கும்?"

பஞ்சு மாறி வண்டியின் கத்தல் அடங்கினால் இத்தனையும் மண்ணாகிவிடும். அவள் மெக்கானிக்கிடமே போய்விட்டாள். "தம்பி, பஞ்சு வெச்சா வண்டிக்கு ஆகாதுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"சொல்றேன்க்கா. ஆனா நான் சொன்னா அவர் கேப்பாரா? வீடியோவுல எவனாவது தொப்பி போட்டுக்கிட்டு சொன்னாத்தான் கேப்பாரு. போன மாசம் எனக்கே பிரேக் எப்படி மாட்டணும்னு பாடம் எடுத்தாரு."

கடைசி நம்பிக்கை மகள்தான். அன்றிரவு சாப்பாட்டின்போது அச்சகக்காரர் செல்போனில் இரண்டு சத்தங்களைப் போட்டுக்காட்டினார். ஒன்று பழைய பஞ்சு, ஒன்று புதுப் பஞ்சு. மகள் கண்ணை மூடிக் கேட்டாள். மேஜைக்கடியில் அம்மா காலை மிதித்ததையும் மீறி, "ரெண்டாவதுதான்ப்பா சூப்பர்" என்றாள்.

"பாத்தியா! என் ரத்தம்!"

அவர் கைகழுவப் போனதும் அம்மா பல்லைக் கடித்தாள். "அடிப்பாவி, பூனை கதி என்னடி?"

"ஐயோ! காதுல கேட்டதும் வாயில வந்துருச்சும்மா."

"அந்தப் பஞ்சை முதல்ல உன் வாயில வைக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சைலன்சர் மூடியின் ரிவெட்டு ஆணிகளைத் துளைத்தெடுத்தார். சைலன்சருக்குள்ளிருந்து கரியாய் உதிர்ந்ததை, ஏதோ அஸ்தியைப் போலக் காகிதத்தில் ஏந்தி எல்லோருக்கும் காட்டினார். கையுறை இல்லாமல் புதுப் பஞ்சைச் சுற்றிவிட்டு, சாயங்காலம்வரை முழங்கை வரைக்கும் சொறிந்துகொண்டிருந்தார். வீடியோக்காரன் கையுறை போடச் சொன்னானாம். இவர் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தாராம். பொட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தலைமறைவாக இருந்தது.

திங்கட்கிழமை மாலை. தையற்காரி ஜன்னல் பக்கமே ஒரு காதை வைத்துக்கொண்டு தைத்தாள். தெருமுனையில் சத்தம் இல்லை. மிஷினை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். நிறுத்தாமல் தைத்த ஒரே ஒரு நீளத் தையலின் முடிவில் நிமிர்ந்தால், வாசலில் வண்டியோடு அவர். முகத்தில் கல்யாணக் களை.

"எல்லாரும் வாங்க! கேளுங்க!"

உள்ளிருந்து மகளும் வந்து நின்றாள். வண்டி அடித்தொண்டையில் குர்ர்ர் என்றது. நாற்காலியில் பொட்டு கண் விழித்தது.

தையற்காரி தைத்ததை அப்படியே விட்டாள். எழுந்து மறைக்கப் போனாள். மடியிலிருந்த பாவாடைத் துணி காலில் சிக்கியது. பொட்டு இறங்கிச் சோம்பல் முறித்தது. வழக்கமாகப் பின்கட்டுக்குப் பறக்கிற பூனை, இன்று காதை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு நடந்தது. வண்டியைச் சுற்றி ஒரு வலம் வந்து, ஒரே தாவில் சீட்டின்மேல் ஏறியது.

போச்சு, சீட்டு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கிழியும் சத்தம் கேட்கவில்லை. வண்டி குர்ர்ர் என்றது. பூனையும் குர்ர்ர் என்றது. இரண்டும் ஒரே சுருதியில் இருந்தன.

அச்சகக்காரர் குனிந்து பூனையைப் பார்த்தார். ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகினார். பொட்டு கண்கள் சொக்கச் சீட்டில் கன்னத்தைத் தேய்த்தது.

"எப்படி இருக்குங்க சத்தம்?" என்று அவள் பயந்துகொண்டே கேட்டாள்.

"நீ பேசாதே. மூணு வாரமாக் கேட்டேன், ஒருத்தியாவது இப்படிக் கேட்டீங்களா? நகத்தைக்கூட உள்ள இழுத்து வெச்சிருக்கு பாரு. ரசிகன்!" சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். "யார் வீட்டுப் பூனை இது?"

"தெரியலைங்களே."

"பாவம், பசியா இருக்கும். உள்ள வரட்டும்."

சீட்டிலிருந்து குதித்த பொட்டு, யார் வழிகாட்டுதலுக்கும் காத்திராமல் உள்ளே போய், அவர் நாற்காலியில் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றிச் சுருண்டு படுத்தது.

அச்சகக்காரர் அசந்து நின்றார். "இத்தனை நாற்காலியில என் நாற்காலி எதுன்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சுது பாரேன்! அறிவுடி!"

தையற்காரி தலையில் அடித்துக்கொள்ளத் தூக்கிய கையை, மகள் பார்ப்பதைக் கண்டு, தலைமுடியை ஒதுக்குவதோடு நிறுத்திக்கொண்டாள். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பூனைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அடுத்து ஏர் ஃபில்டர் மாத்தலாமான்னு யோசிக்கிறேன்" என்றார் அதனிடம். "என்ன சொல்ற?"