அசைவு கம்மியா இருக்கு

பிரசவ வார்டில் பதினாறு வருடம் வேலை பார்த்த நர்ஸை, தொற்றுக் காலத்தில் போன் எடுக்க உட்காரவைத்தார்கள். வார்டில் பாதி காய்ச்சல் நோயாளிகளுக்குப் போய்விட்டது. மாதப் பரிசோதனைகள் ரத்து. வலியோ ரத்தப்போக்கோ இல்லாதவர்கள் வர வேண்டாம் என்று பெரிய டாக்டரின் உத்தரவு சுவரில் ஒட்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் கூப்பிட்டாள். எட்டு மாதம், தலைப்பிள்ளை.

"சிஸ்டர், நேத்துலேர்ந்து குழந்தை அசைவு கம்மியா இருக்கு. வந்து காட்டிட்டுப் போகட்டுமா?"

வரச் சொல்லத்தான் நர்ஸுக்கு வாய் வந்தது. சுவரைப் பார்த்தாள்.

"இங்க வந்து நோயை வாங்கிட்டுப் போகாதம்மா. இடது பக்கமா படு. ரெண்டு நாள் பாரு."

வியாழக்கிழமை அந்தப் பெண் வந்தாள். பஸ் ஓடவில்லை, சலவைக்கடைக்காரனான கணவன் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு வந்தான். அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஸ்கேன் டாக்டர் வயிறு முழுக்கத் தேடிவிட்டு, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிரசவம் பார்க்க ஆள் போதாமல் நர்ஸைக் கூப்பிட்டார்கள். ஒன்பது மணி நேர வலி. அழாத பெண் குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, தாயின் கையில் கொடுத்தாள். தலை நிறைய முடி.

"போன்ல ஒரு சிஸ்டர் ரெண்டு நாள் பாக்கச் சொன்னாங்க. நானும் அதைக் கேட்டு இருந்துட்டேன்."

"அது நான்தாம்மா," என்றாள் நர்ஸ்.

அந்தப் பெண் திட்டவில்லை. "அவரை உள்ள விடச் சொல்லுங்க. ஒரு தடவை தூக்கட்டும்."

நர்ஸ் வாசலுக்குப் போனாள்.

"என் வேலைக்கு உலை வைக்காதீங்க சிஸ்டர்," என்றார் காவலாளி.

"என் வேலையும் சேர்ந்து போகட்டும். வழிய விடுங்கண்ணே."

கணவன் உள்ளே வந்து குழந்தையை வாங்கினான். துணியின் சுருக்கத்தை விரலால் நீவி நீவிவிட்டுக்கொண்டே நின்றான்.

மறுநாள் நர்ஸ் பிறப்புப் பதிவேட்டைப் பெரிய டாக்டரின் மேசையில் விரித்தாள். போன வருடம் இதே மூன்று மாதத்தில் இறந்து பிறந்தவை ஐந்து. இந்த வருடம் பதினாலு.

"இந்தத் தாய்மாருங்கள்ல ஒருத்தருக்கும் தொற்று இல்ல டாக்டர். எல்லாரும் லேட்டா வந்தவங்க."

"உத்தரவு எனக்கும் மேலேர்ந்துதான் வந்தது," என்றார் அவர், நிமிராமல்.

அதன்பின் போனில் கேட்டவர்களையெல்லாம் அவள் உடனே வரச் சொன்னாள். வந்தவர்களில் இருவருக்கு அவசர ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு குழந்தைகளும் அழுதன. ஐந்தாம் நாள் அவளைக் காய்ச்சல் வார்டுக்கு மாற்றிவிட்டு, போனைப் புதிதாக வந்த ஒருத்தியிடம் கொடுத்தார்கள். சுவரில் இருந்த தாளை யாரும் கிழிக்கவில்லை.