பேட்டரியைக் கொன்றவன்

நான்தான் அந்தப் பேட்டரியைக் கொன்றேன். தெரிந்தே கொன்றேன்.

எங்கள் வீட்டில் பைக் ஓட்டுவது என் மனைவி டார்க்கா. பேட்டரி என் பொறுப்பு. இருபது வருடமாக அப்படித்தான். பனிக்காலத்தில் பைக் ஓடாது. அக்டோபரில் பேட்டரியைக் கழற்றி நிலவறைக்குக் கொண்டுபோவேன். டிஸ்டில்ட் வாட்டர் அளவு பார்த்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுவேன். போன செப்டம்பரில் சரளைப் பாதையில் மான் குறுக்கே ஓடி, அவள் பைக்கோடு விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி நாற்காலியில் ஒன்பது மணி நேரம் நான் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் குளிர்காலம் பேட்டரியைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டேன். சார்ஜ் இறங்கி, மைனஸ் முப்பது குளிரில் உறைந்து, வயிறு உப்பி விரிசல் விட்டுக் கிடந்தது.

"போச்சு, டார்க்கா. இந்த வருஷம் விட்டுடேன்" என்றேன், மே மாதம் பிறந்ததும்.

"பேட்டரி செத்தா நானும் செத்துட்டேனா என்ன?"

மறுநாளே பக்கத்து டவுன் யார்க்டனுக்குப் போய்ப் புதிது வாங்கிவந்துவிட்டாள். மூடி முத்திரையிட்டது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், அமிலம் சொட்டாது. பைக்கின் பழைய பேட்டரிப் பெட்டிக்குள் உட்காருமா என்று கடையிலேயே டேப் வைத்து அளந்தாளாம்.

"இனிமே உன் தயவு எனக்கு வேண்டாம், போ." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அதை மாட்ட அவளே கொட்டகைக்குப் போனாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நாலு முறை நடந்தேன். காபி போட்டேன், குடிக்கவில்லை.

ஐந்தாவது முறை போனபோது, பைக்கின் இரும்புச் சட்டத்திலிருந்து வரும் வயரை அவள் பேட்டரியின் மைனஸ் முனையில் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பிக்கப் வண்டிக்கு அதுதான் சரி. அறுபத்தேழாம் வருடத்து இங்கிலாந்து பைக்குக்கோ எல்லாம் தலைகீழ். அந்த வயர் பிளஸ்ஸில்தான் ஏற வேண்டும். மாற்றி மாட்டினால் உள்ளே பாகங்கள் கருகிவிடும். புதிய பாகங்கள் வந்து சேர இரண்டு மாதம். எங்கள் ஊர் கோடையே அவ்வளவுதான்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழிகூட என்மேல் விழாது.

அவள் ஸ்பானரை எடுத்தாள். அந்தத் தோள் இன்னும் முழுசாக உயரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

"இரு" என்றேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. "அது பிளஸ்ல மாட்டணும். இது பிக்கப் இல்ல."

அவள் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லாம இருந்திருந்தா நான் வீட்லயே கெடந்திருப்பேனே, ஓரெஸ்ட்."

"தெரியும்."

"பழசையும் நீதானே சாகவிட்ட?"

"ஆமா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். வயரை மாற்றி முடுக்கினாள். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பயமா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல, மடையா."

"பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள், ஹெல்மெட் பட்டையை இறுக்கியபடி.

மான் குறுக்கே வந்த அதே சரளைப் பாதையில்தான் திரும்பினாள். நான் இன்னும் வாசலில்தான் நிற்கிறேன்.